என்டர்டெயின் செய்ய இயலாது

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் ஜன்னலோர மேசையில் நான் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடிக்கு வந்துபோன எத்தனையோ கப்பல்களுக்கு அங்கிருந்து கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. ஏணி ஏறிப் போய்க் கேப்டனைப் பார்க்கிற வேலை ஆண்களுக்கு, எழுதுகிற வேலை எனக்கு என்று நான் சேர்ந்த நாளிலேயே முடிவாகிவிட்டது. பிறகு காலம் மாறியது. எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் கப்பல் என்றால் எனக்கு அதன் எழுத்துதான். கேப்டன் எப்படி இருப்பார் என்று தெரியாது. எந்தச் சொல்லைத் தப்பாக எழுதுவார் என்று தெரியும். கப்பல் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேலையைச் சொல்லித் தர இப்போது இருப்பவர்கள் போதும். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அது ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லில் நடந்த தப்பு.

என் அப்பா நாசரேத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நல்ல மார்க்கும் அதைவிட நல்ல தலைக்கனமும் கொண்டுதான் இந்த வேலைக்கு வந்தேன். முதல் மாதம் ஒரு கப்பல் முதலாளிக்கு, ‘நீங்கள் கேட்டபடி செய்ய முடியாது, காரணம் இது’ என்று நேராக எழுதி அப்போதைய மேனேஜர் முன்னால் வைத்தேன். அவர் பச்சை மையால் இரண்டு வரியையும் அடித்துவிட்டு மேலே ஒரே வரி எழுதினார். உங்கள் கோரிக்கையை என்டர்டெயின் செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்.

“காரணம் எழுதினா எதிர்க் கேள்வி வரும்மா,” என்றார். “இப்படி எழுதிப் பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கதவைச் சாத்துத சத்தமே கேக்காது.”

எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த வரியை ஆயிரம் தடவையாவது தட்டியிருப்பேன். விரல் தானாகப் போகும்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவரை உட்காரவைத்து உபசரித்தாலும் என்டர்டெயின்தான். பாட்டுப் பாடியோ கதை சொல்லியோ ஒருவருடைய பொழுதைப் போக்கினாலும் என்டர்டெயின்தான். ஒரு யோசனையை, ஒரு கோரிக்கையை மனதுக்குள் வரவிட்டு, சரி பார்ப்போம் என்று வைத்திருப்பதற்கும் அதே சொல்தான். உலகத்தில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது முதல் இரண்டு அர்த்தம். நம் ஊர் அலுவலகங்களுக்கு மூன்றாவது மட்டும்தான் தெரியும், அதுவும் ‘இல்லை’யோடு சேர்த்து. உங்கள் கோரிக்கை என்டர்டெயின் செய்யப்பட்டது என்று இதுவரை யாருக்காவது கடிதம் வந்ததுண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. உள்ளே வரவிடுவதற்கென்று பிறந்த ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

கொரோனாவின் முதல் வருடம். ஊர் அடைத்துக் கிடந்தது. துறைமுகம் மட்டும் நடந்தது. அம்மா போய் ஒரு வருடம் ஆகவில்லை. மாடி வீட்டில் நான் ஒருத்திதான். கீழ்வீட்டுக்காரர்கள் சாத்தான்குளத்தில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அத்தியாவசிய வேலை என்று எனக்குப் பாஸ் கொடுத்திருந்தார்கள். ஆபீஸுக்கு மேனேஜர் வருவதில்லை, மற்றவர்களும் வருவதில்லை. நானும் சேசுவும்தான். சேசு நம் போர்டிங் ஆபீசர், கப்பலில் ஏறிப் போய்ப் பார்க்கிற ஆள். கடற்கரைத் தெருக்காரன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவன் காலையில் தலைகாட்டிவிட்டுத் துறைமுகத்துக்குள் போய்விடுவான். அப்புறம் சாயங்காலம்வரை யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் போவேன். வேலை இருந்ததால் இல்லை. வீட்டில் இருப்பதற்கு அது பரவாயில்லை.

அப்போது துறைமுகத்துக்கு வெளியே, வெளித்துறையில், ஒரு சின்னச் சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரத்தடிகளை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது இன்ஜினில் கோளாறு. அதற்கு வேண்டிய உதிரிபாகம் ஏதோ ஒரு விமான நிலையத்தில் கிடந்தது, கொண்டுவர விமானம் இல்லை. பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் கரையில் கால் வைக்கக் கூடாது, ஆள் மாற்றக் கூடாது என்று உத்தரவு. கேப்டன் துருக்கிக்காரர். அவருக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நாம், அதாவது அந்த மின்னஞ்சல் முகவரியின் பின்னால் இருந்த நான்.

ஒரு சனிக்கிழமை காலை அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய ஆங்கிலம் ஓட்டை உடைசல். ‘என் ஆள் ஒருவன் நன்றாக இல்லை. பதினோரு நாளாகப் பேசவில்லை. அவனைக் கரைக்கு வரவிட வேண்டுகிறேன். மனிதர்களைப் பார்க்கட்டும்.’

அன்று காலையில் மட்டும் மற்ற கப்பல்களிலிருந்து அதே மாதிரி ஐந்து கடிதம். கடைக்குப் போக வேண்டும், நடக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். ஆறாவதாக இதைப் பார்த்தேன். கரைக்கு வரவிட வேண்டும் என்கிற சொற்கள் கண்ணில் பட்டன. முதல் வரி படவில்லை. என் விரல் அதன் வேலையைச் செய்தது. தற்போதைய விதிகளின்படி உங்கள் கோரிக்கையை என்டர்டெயின் செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்.

மறுநாள் ஞாயிறு. எட்டரை மணிக்கு ஆபீஸைத் திறந்து கணினியைப் போட்டேன். அவருடைய பதில் முந்தின இரவே வந்து கிடந்தது.

‘மேடம், நாங்கள் என்டர்டெயின்மென்ட் கேட்கவில்லை. டாக்டர் கேட்கிறோம்.’

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். பாவம், அர்த்தம் தெரியவில்லையே என்று அப்பாவின் மகளாக ஒரு சிரிப்பு. அப்புறம் அவருடைய முதல் கடிதத்தைத் திறந்து, இந்தத் தடவை படித்தேன். பதினோரு நாளாகப் பேசவில்லை.

மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல், அவருக்கும்தான். அவருடைய தம்பி எடுத்து, “அண்ணனால பேச முடியாது, நீங்களே பாத்துக்கிடுங்க,” என்றார். துறைமுகச் சுகாதாரப் பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டேன். ஆளை இறக்க அவர்தான் அனுமதி தர வேண்டும்.

“காய்ச்சல் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“மூச்சுத் திணறல்?”

“இல்ல. பேசமாட்டேங்காராம்.”

“மேடம், நான் வீட்டுக்குப் போயி இருபத்தாறு நாளாச்சு. எம் மகளே எங்கிட்டப் பேசமாட்டேங்கா. இத வச்சு ஒரு ஆள எறக்குங்கன்னா நான் மேல என்ன பதில் சொல்லுவேன்? உயிருக்கு ஆபத்துன்னா எழுதுங்க. எழுத்தில குடுங்க, பாக்கேன்.”

அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அவர் காரணம் சொன்னார், என்ன வேண்டும் என்றும் சொன்னார். முந்தின நாள் நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அதற்குள் சேசு வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். அப்போதெல்லாம் யாரும் யார் பக்கத்திலும் வருவதில்லை.

“அக்கா, நெஞ்சுவலின்னு போடுங்க,” என்றான். “ஒரு மணி நேரத்தில படக அனுப்பிருவாவ. நான் போயிக் கூட்டிட்டு வாரேன். யாரு கேக்கப் போறா?”

அது நடக்கக்கூடிய யோசனைதான். நெஞ்சுவலி என்று தட்டவும் செய்தேன். கடிதம் திரையில் தயாராக நின்றது. அதை அனுப்பியிருந்தால் மத்தியானத்துக்குள் அந்த ஆள் கரையில் இருந்திருப்பார்.

எனக்கு உறுத்தியது பொய் மட்டுமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதிப்பார்கள். ஒன்றும் இல்லை, ஆள் திடமாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பார்கள். அன்று சாயங்காலமே அதே படகில் அதே கப்பலுக்குத் திரும்ப அனுப்புவார்கள். அதன் பிறகு அவருக்கு உண்மையிலேயே என்ன என்று சொல்ல எனக்கு வாய் இருக்காது. பொய் அவரை இறக்கிவிடும், இங்கே நிறுத்தி வைக்காது.

“சேசு, அவருக்கு உண்மையில என்னன்னு நமக்கு இன்னும் தெரியாதுல்லா,” என்றேன்.

“தெரியாதுதான்.”

“கேப்போம்.”

கப்பலின் சாட்டிலைட் போன் வேலை செய்யவில்லை. ஆபீஸ் ரேடியோவில்தான் பேச முடியும். அதில் ஒரு சங்கடம் உண்டு. வெளித்துறையில் நிற்கிற எல்லாக் கப்பலுக்கும் நாம் பேசுவது கேட்கும். இருந்தாலும் கூப்பிட்டேன். இரண்டாவது அழைப்பில் கேப்டன் வந்தார். இரண்டு மாதமாக எழுத்தாக மட்டுமே இருந்தவருக்கு ஒரு குரல் இருந்தது. வயதான, கரகரத்த குரல்.

“கேப்டன், நேற்று நான் எழுதியது தவறு. உங்கள் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் பதில் எழுதிவிட்டேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்,” என்று மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன்.

அவர் சொன்னார். அந்த ஆள் பெயர் மின் தூ. மியான்மர்க்காரர், இன்ஜின் அறையில் வேலை. கப்பலில் அவர் மொழி பேசுகிறவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஊரடங்குக்கு முன்னால் அவர்கள் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள். இவருக்கு ஆங்கிலம் வேலைக்கு வேண்டிய அளவுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மா இறந்த செய்தி வந்தது. முதலில் அழுதார். பிறகு வேலை செய்தார். பிறகு பேச்சு நின்றது. இப்போது ஆறு நாளாகச் சாப்பாடும் இல்லை, தண்ணீர் மட்டும்.

“நேற்று உங்கள் பதில் வந்தது,” என்றார் கேப்டன். “சாப்பாட்டு அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். உரக்கப் படித்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருவன் கேட்டான். மேடம் நாம் ஆட்டம்பாட்டம் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மின் தூவும் அங்கே இருந்தான், மேடம். எழுந்து போய்விட்டான்.”

மைக்கின் பொத்தானை அழுத்தி, “அப்புறம்?” என்றேன்.

“ஒரு மணி நேரம் கழித்துக் கப்பலின் பின்பக்கக் கம்பிக்கு வெளியே நின்றான். ஒரு கையால் மட்டும் பிடித்திருந்தான். சமையல்காரன் பார்த்து இழுத்தான். இப்போது இரண்டிரண்டு பேர் மாறி மாறிக் கூட உட்காருகிறோம்.”

இதை ஏன் நேற்று எழுதவில்லை என்று கேட்டேன்.

“மேடம், நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்களே,” என்றார்.

என் ஒரு வரியை ஒரு மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பதை நான் அதுவரை நினைத்ததே இல்லை. கடிதம் இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்குப் போகிறது என்றுதான் அத்தனை வருடமும் இருந்தேன்.

நெஞ்சுவலிக் கடிதத்தை அழித்துவிட்டு வேறு எழுதினேன். வருந்துகிறோம், வேண்டிக்கொள்கிறோம் எதுவும் இல்லை. இந்த மனிதருக்குக் காய்ச்சல் இல்லை. பதினோரு நாளாகப் பேசவில்லை, ஆறு நாளாகச் சாப்பிடவில்லை. நேற்று மாலை கம்பிக்கு வெளியே நின்றவரை இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். கப்பலில் மருத்துவர் இல்லை, அவர் மொழி பேச ஆளும் இல்லை. இன்று இறக்காவிட்டால் இறந்துபோகலாம். நேற்று இந்தக் கோரிக்கை வந்தபோது நான் சரியாகப் படிக்கவில்லை, தாமதம் என்னுடையது. கேப்டனிடமும் மின்னஞ்சலில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு அதிகாரிக்குப் போன் செய்தேன். படித்தார். மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

பிறகு காத்திருப்பு. சேசு படகுக்கு ஏற்பாடு செய்யப் போய்விட்டான். பதினொரு மணி வாக்கில் கேப்டன் திரும்பவும் கூப்பிட்டார்.

“மேடம், அவனை மேலே என்னோடு உட்காரவைத்திருக்கிறேன். ரேடியோ பக்கத்தில். நீங்கள் பேசியபோது தலையைத் தூக்கினான். ஏதாவது பேசுகிறீர்களா?”

“என்ன பேச?”

“எதுவானாலும்.”

நான் யாரோடும் பேசிப் பழக்கமில்லாதவள். எழுதிப் பழக்கம். அந்த மைக்கை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிறது, ஆள் இல்லை, ஒரு மாடு மட்டும் மூடிய டீக்கடை நிழலில் படுத்திருக்கிறது என்றேன். எனக்கும் அம்மா இல்லை என்றேன். வைகாசி வந்தால் ஒரு வருடம், இன்னும் சமைக்கும்போது இரண்டு பேருக்கு அரிசி போடுகிறேன் என்றேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மொழி பாதி புரியாத, முகம் தெரியாத ஒருவரிடம்தான் சொல்ல வந்தது.

“கேட்கிறான்,” என்று மட்டும் கேப்டன் சொன்னார்.

எவ்வளவு நேரம் அப்படிப் பேசுவது? என் குரல் அவருக்கு ஒரு சத்தம்தான், பேச்சில்லை. அவருக்கு வேண்டியது அவர் மொழி. அது என்னிடம் இல்லை. ஆனால் வெளித்துறையில் அன்று ஒன்பது கப்பல் நின்றன. ஒன்பதும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். சங்கடம் என்று நினைத்ததே உதவும் என்று அப்போதுதான் உறைத்தது.

அவசரத்துக்கென்று எல்லாக் கப்பலும் திறந்து வைத்திருக்கிற பொதுச் சானலுக்கு மாறிச் சொன்னேன். “நங்கூரத்தில் இருக்கும் எல்லாக் கப்பல்களுக்கும். உங்களில் பர்மிய மொழி பேசுகிறவர் யாராவது இருக்கிறீர்களா? இங்கே ஒரு மனிதருக்குத் தேவைப்படுகிறது.”

உடனே துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் குறுக்கிட்டார். “இந்தச் சானலில் இதெல்லாம் பேசக் கூடாது மேடம், தெரியும்ல?”

“தெரியும் சார். ஒரே ஒரு தடவை. அப்புறம் எம்மேல புகார் எழுதிக்கிடுங்க.”

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் போயிற்று. பிறகு நிலக்கரி கொண்டுவந்த ஒரு பெரிய கப்பலிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது. “நான் மியான்மர். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் ஓடிவந்து கூப்பிட்டார். யாரிடம் பேச வேண்டும்?”

வேறு சானல் எண் சொல்லி இருவரையும் அங்கே அனுப்பிவிட்டு நானும் பின்னால் போனேன். அந்த மனிதர் பேசத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கேள்வி கேட்பதும் பதிலுக்கு நிறுத்துவதும் மட்டும் தெரிந்தது. கேட்டார், நிறுத்தினார். கேட்டார், நிறுத்தினார். பத்து நிமிடம் போல அவர் குரல் மட்டும். பிறகு ஏதோ ஊர்ப்பெயர் போல ஒன்றைச் சொன்னார். அப்போது இன்னொரு குரல் ஒரே ஒரு சொல் சொன்னது. துரு ஏறிய குரல்.

அதன் பிறகு நாற்பது நிமிடம் இருவரும் பேசினார்கள். நடுவில் அழுகை. அதற்கு எந்த மொழியும் வேண்டியதில்லை. நான் தலையை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டு அறைக்காரரும் கேட்டிருக்க வேண்டும், ஒரு தடவைகூடக் குறுக்கே வரவில்லை. கடைசியில் கேப்டன் வந்தார்.

“மேடம், டீ கேட்கிறான்.”

இரண்டரை மணிக்கு அனுமதி வந்தது. தனியாக வைக்க வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும் என்று பல நிபந்தனைகள். அதிகாரி தானே போன் செய்து, எந்த ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார் என்றும் விசாரித்துச் சொன்னார். வெயில் தாழ்வதற்குள் சேசு போய் அழைத்து வந்துவிட்டான். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

“படகில ஏறுனதும் என் கையப் புடிச்சிக்கிட்டாரு அக்கா. கரை வர வரைக்கும் விடல. நான் அந்தப் பிளாஸ்டிக் உடுப்பும் கையுறையும் போட்டு நிக்கேன், மூஞ்சிகூடத் தெரியாது. தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

மின் தூ ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு ஒரு லாட்ஜில். விமானம் விட்டதும் ஊருக்குப் போனார். நான் அவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. லாட்ஜுக்கு ஒருநாள் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருவில் நின்றேன். மேலே எந்த ஜன்னல் அவருடையது என்று தெரியவில்லை.

அந்தத் தப்பை நான் மேனேஜரிடம் எழுத்தில் சொன்னேன். அவர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார், வேறொன்றும் கேட்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டிய நாள் வந்தால் செய்யுங்கள். மறுக்க வேண்டிய நாட்களும் நிறைய வரும், மறுக்கத்தான் வேண்டும். அப்போது முடியாது என்ற சொல்லையே எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். எதிர்க் கேள்வி வந்தால் வரட்டும். அந்தக் கேள்வியில்தான் கம்பிக்கு வெளியே நின்ற ஆள் இருப்பார். அதைவிட முக்கியம், வந்த கடிதத்தின் முதல் வரியைப் படியுங்கள். தப்பான ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதை எழுத உங்களைவிட அதிக நேரம் எடுத்திருப்பார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மின் தூவைப் படகில் ஏற்றிய பிறகு கேப்டன் ரேடியோவில் இன்னொன்றும் கேட்டார். அதையும் சொன்னால்தான் நான் முழுதும் சொன்னதாகும்.

“மேடம், நாளைக்கும் பேசுவீர்களா?”

“யாரோடு, கேப்டன்? அவர்தான் இறங்கிவிட்டாரே.”

“என்னோடு,” என்றார்.

அதன்பின் தினமும் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் பேசினோம். கேப்டன் என்றால் கப்பலில் யாரோடும் சேர்ந்து உட்கார முடியாது, குறை சொல்ல முடியாது, பயந்தது மாதிரிக் காட்ட முடியாது என்று சொன்னார். அவர் ஊரில் மலைச்சரிவில் ஹேசல்நட் மரத் தோப்பு இருந்தது. மகள் கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது, பதினேழு பேர் முன்னிலையில். நான் உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொட்டலம் சாமான் படகில் போட்டு அனுப்பினேன். டீயில் போட்டுக் குடித்துவிட்டு, புகை வாசனை அடிக்கிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை என்றார். நான்கு மணிக்காக நான் மூன்றரைக்கே மற்ற வேலைகளை முடித்து வைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சேசுவுக்குத் தெரியும், அவனும் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சோதனை செய்தார்கள், இருக்கிறது என்றார்கள். வீட்டு வாசலில் தகரம் அடித்துப் போனார்கள். மூன்று நாள் எனக்கு நினைவே சரியில்லை. அந்த மூன்று நாளுக்குள் உதிரிபாகம் வந்து, பொருத்தி, சோதித்து, கப்பலுக்குக் கிளம்ப உத்தரவும் கிடைத்துவிட்டது.

நான்காம் நாள் சேசு போன் செய்தான். கஞ்சி கொண்டுவந்து படியில் வைத்திருப்பதாகச் சொன்னான். அப்புறம், “அந்தக் கப்பல் நேத்துப் போயிட்டு அக்கா,” என்றான்.

“எத்தன மணிக்கு?”

“நாலு மணி.”

அந்த நேரம் ஆபீஸில் யாரும் இல்லை. சேசு வேறொரு கப்பலுக்குப் போகிற படகில் இருந்தான். அவனுடைய கை ரேடியோவில் சார்ஜ் தீர்கிற நிலை, வருவது கேட்கும், நம் குரல் போய்ச் சேராது.

“மூணு தடவ கூப்புட்டாரு. மேடம், மேடம்னு. நான் பதில் சொல்லிப் பாத்தேன், அவருக்குக் கேக்கல. அப்புறம் கெளம்புதோம்னு சொன்னாரு. நன்றின்னாரு.”

“வேற ஒண்ணும் சொல்லலயா?”

“சொல்லல. ஆனா பேசுத பட்டன விடல அக்கா. அமுக்கிக்கிட்டே இருந்தாரு. காத்துச் சத்தமும் இன்ஜின் சத்தமும் வந்துக்கிட்டே இருந்துச்சி. ரொம்ப நேரம்.”

உடம்பு தேறியதும் அந்தக் கப்பலின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன். காய்ச்சலில் படுத்திருந்தேன், அதனால்தான் பதில் சொல்ல ஆள் இல்லை, வேறு காரணம் இல்லை என்று எழுதினேன். கப்பல் அதற்குள் கைமாறி, பெயரும் மாறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. கடிதம் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை.